பார்வையாளர் வராத வீடுகள்

சரித்திரம் என்றால் அரசர்கள் முடிசூடியதும், கோட்டைகள் விழுந்ததும், ராஜ்யங்கள் கைமாறியதும்தான் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குக் கற்பித்துவிட்டார்கள். லைசென்ஸுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஒரு சமூகம் எந்தெந்தக் காரியங்களுக்கு லைசென்ஸ் கேட்டது, எவற்றைக் கேட்காமல் விட்டுவிட்டது என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். அந்தச் சமூகம் எதைக் கண்டு பயந்தது, எதைப் பற்றிக் கவலையில்லாமல் இருந்தது என்பது தெரிந்து போகும். அதுவும் சரித்திரம்தானே?

எங்கள் மதுரையையே எடுத்துக் கொள்ளலாம். மாசி வீதியில் பலகாரக் கடை போடுவதற்கு லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ள, வெடி மருந்து விற்க, மோட்டார் ஓட்ட, எல்லாவற்றுக்கும் வேண்டும். ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்துப் பாட்டுக் கேட்பதற்குக்கூடத் தபாலாபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினோம். சரி; சித்தம் கலங்கிய ஒரு மனிதரைப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு கொட்டகையில் வைத்துப் பூட்டுவதற்கு என்ன லைசென்ஸ் வேண்டியிருந்தது? அவருக்கு விபூதி போட, மந்திரம் சொல்ல, மருந்து கொடுக்க, புத்திமதி கூற யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பழைய சட்டங்களைப் புரட்டியபோது எனக்கு அகப்பட்டதெல்லாம் பெரும்பாலும் விதிகளைவிட விலக்குகள்தான். "இன்னாருக்கு இது பொருந்தாது", "இன்ன வீட்டுக்கு இது வேண்டியதில்லை" என்று ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவுகளின் வழியே உள்ளே போனவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வராதவர்களும் உண்டு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நம்முடைய சட்டங்கள் பலவற்றைப் போல இதுவும் கப்பலேறி வந்தது. ஆகையால் முதலில் லண்டன் வரையில் ஒரு நடை போய்விட்டு வர வேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பைத்தியக்கார விடுதி நடத்துவது நல்ல வருமானமுள்ள தொழில். உண்மையில் வியாதிக்காரர்களும் அங்கே இருந்தார்கள். வேண்டாத மனைவிமார்களும், சொத்துக்குக் குறுக்கே நின்ற உறவினர்களும்கூட அங்கே அடைக்கப்பட்டார்கள். கூச்சல் அதிகமாகவே, 1774-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. இனிமேல் இப்படிப்பட்ட விடுதி நடத்துகிறவர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும். லண்டன் வைத்தியக் கல்லூரி நியமிக்கும் கமிஷனர்கள் வந்து பார்வையிடுவார்கள். ஏதாவது விடுதியில் கொடுமை நடப்பதைக் கண்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? அந்த அறிக்கையைக் கல்லூரியின் ஓர் அறையில் தொங்கவிடுவார்கள்! லைசென்ஸைப் பறிக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. இருந்தாலும் ஒரு கண் வந்து பார்த்தது. அந்த மட்டில் ஆரம்பம்.

அந்தச் சட்டத்தில் இரண்டு விலக்குகள் இருந்தன. ஒரே ஒரு நோயாளியை மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம். பொது ஆஸ்பத்திரிகளுக்கும் வேண்டாம். முதலாவது, குடும்பத்தின் அந்தரங்கத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்பதற்காக. இரண்டாவது, தர்மஸ்தாபனங்களைச் சந்தேகிக்கலாமா என்பதற்காக. இரண்டும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. இந்த இரண்டு விலக்குகளையும் நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். இரண்டு நூற்றாண்டுக் காலம் இவை நம்மைப் பின்தொடர்ந்து வரப் போகின்றன.

பொது ஆஸ்பத்திரி என்ற பெயரில் தப்பித்தவற்றில் பிரசித்தி பெற்றது லண்டனிலிருந்த பெத்லம். 1814-ல் எட்வர்ட் வேக்ஃபீல்ட் என்னும் பரோபகாரி அங்கே போய்ப் பார்த்தபோது, ஜேம்ஸ் நாரிஸ் என்ற மனிதரைக் கண்டார். கழுத்தில் இரும்பு வளையம். அதிலிருந்து ஒரு குட்டைச் சங்கிலி. அந்தச் சங்கிலி சுவரோரமாக நட்டிருந்த இரும்புக் கம்பியில் மேலும் கீழும் நகரும். நாரிஸ் நிற்கலாம், படுக்கலாம். வேறொன்றும் செய்ய முடியாது. இப்படி ஏறக்குறையப் பத்து வருஷங்கள்! அந்த மனிதரோ பத்திரிகை படித்துக்கொண்டும், வந்தவர்களிடம் தெளிவாகப் பேசிக்கொண்டும் இருந்தார். 1815-ல் பார்லிமெண்ட் கமிட்டி விசாரணை நடத்தியது. நாரிஸின் படம் நாடெங்கும் பரவியது. அப்படியும் பெத்லமுக்கு இருந்த விலக்கு முழுவதும் நீங்கிச் சர்க்கார் கமிஷனர்கள் உள்ளே நுழைய 1853 ஆயிற்று.

இப்போது கப்பலில் ஏறிச் சென்னைக்கு வருவோம்.

1774-ஆம் வருஷத்துச் சட்டம் கடல் தாண்டவில்லை. 1794-ல் வாலண்டைன் கானலி என்ற கம்பெனி டாக்டர் சென்னையில் சித்தம் கலங்கியவர்களுக்காக ஒரு வீடு ஏற்படுத்தினார். அதற்குச் செலவைக் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அதுவே பின்னால் சர்க்கார் விடுதியாகி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் ஒருவர் கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால், "என்னப்பா, கீழ்ப்பாக்கமா?" என்று நம்மவர்கள் கேட்பதற்கு மூலகாரணம் அந்த இடம்தான். விசாகப்பட்டினத்திலும் கள்ளிக்கோட்டையிலும் இரண்டு விடுதிகள் ஏற்பட்டன. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு 1953-ல் ஆந்திரமும் 1956-ல் கேரளமும் பிரிந்தபோது விசாகப்பட்டினம் அங்கே போயிற்று. கள்ளிக்கோட்டை இங்கே போயிற்று. தமிழ்நாட்டுக்கு மிஞ்சியது கீழ்ப்பாக்கம் ஒன்றுதான்.

சட்டங்கள் வராமல் இல்லை. 1858-ல், மகாராணியின் சர்க்கார் கம்பெனியிடமிருந்து ஆட்சியை எடுத்துக்கொண்ட அதே வருஷத்தில், பைத்தியக்கார விடுதிகளைப் பற்றிய சட்டம் பிறந்தது. அதன் இடத்தில் 1912-ல் இந்திய லூனஸி சட்டம் வந்தது. சர்க்கார் ஏற்படுத்தியது, சர்க்காரிடம் லைசென்ஸ் பெற்றது என்று இரண்டு விதமான விடுதிகளை அது ஒப்புக்கொண்டது. அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு விடுதிக்கும் மூன்று பேருக்குக் குறையாமல் பார்வையாளர்களை நியமிக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மருத்துவ அதிகாரியாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது இரண்டு பேராவது சேர்ந்து வந்து, விடுதியின் மூலை முடுக்கெல்லாம் பார்க்க வேண்டும்.

லைசென்ஸ் என்ற காகிதத்தைவிட இந்தப் பார்வையாளர்கள்தான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். காகிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடலாம். பார்வையாளர் நடந்து வருவார், கதவைத் தட்டுவார், "அந்த மூலையில் இருப்பவர் யார்? ஏன் எழுந்து வரவில்லை?" என்று கேட்பார். இதைக் கவனியுங்கள்: சர்க்கார் விடுதிக்கு லைசென்ஸ் தேவைப்படவில்லை, ஆனால் அங்கேயும் பார்வையாளர் வந்தார். காகிதத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. கண்ணிலிருந்து விலக்குக் கிடைக்கவில்லை. இவை இரண்டும் வேறு வேறு. நமது நாட்டில் இந்த வித்தியாசத்தை மறந்ததால் வந்த வினையைத்தான் பின்னால் பார்க்கப் போகிறோம்.

அது இருக்கட்டும். கீழ்ப்பாக்கம் மதுரையிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். மேலூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருவர், ராத்திரியெல்லாம் தூங்காமல் தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கும் மகனை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படிப் போவார்? அவர் போகவில்லை. கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கடிக்கச் சொன்னார். கோயிலில் கொண்டுபோய் ஒரு மண்டலம் தங்க வைத்தார். கோரிப்பாளையம் தர்காவில் ஓதிப் பார்த்தார். சித்த வைத்தியரிடம் எண்ணெயும் சூரணமும் வாங்கினார். சித்தர் நூல்களில் மனக்கலக்கத்துக்குக் 'கிரிகை' என்று பெயர். அதைப் பதினெட்டு வகையாகப் பிரித்து லக்ஷணம் சொல்லியிருக்கிறார்கள். ஏதோ கண்மூடிப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு அதில் கவனிப்பு இருக்கிறது.

இந்த வைத்தியர்களையும் மந்திரவாதிகளையும் சட்டம் என்ன செய்தது? 1914-ல் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற டாக்டருக்குச் சில உரிமைகளை அது கொடுத்தது. அவருடைய சர்டிபிகேட்தான் செல்லும், சர்க்கார் உத்தியோகம் அவருக்குத்தான் உண்டு. ஆனால் பதிவு இல்லாதவர் வைத்தியம் செய்யக் கூடாது என்று அது சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. சொல்லியிருந்தால் ராஜதானியின் கிராமங்களில் நாடி பிடித்துப் பார்க்க ஓர் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார். 1921-ல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஏற்பட்ட கமிட்டி நாட்டு வைத்தியத்தை விரிவாக விசாரித்து, 1923-ல் அறிக்கை தந்தது. அதன் பயனாகச் சென்னையில் நாட்டு வைத்தியப் பள்ளி ஆரம்பமாயிற்று. 1970-ல் இந்திய மருத்துவத்துக்கென்று மத்திய கவுன்சில் சட்டம் வந்தபோதுகூட, பதிவேடு இல்லாத மாநிலத்தில் ஐந்து வருஷம் வைத்தியம் பார்த்து வந்தவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

மந்திரவாதியின் கதை இன்னும் ருசிகரமானது. 1954-ல் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் பற்றிய விளம்பரச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் வியாதி தீரும் என்று விளம்பரம் செய்வது குற்றம். பட்டியலிட்ட வியாதிகளுள் பைத்தியமும் ஒன்று. ஆனால் நன்றாகக் கவனியுங்கள்: குற்றம் விளம்பரத்தில்தான். தாயத்துக் கட்டுவதில் இல்லை. பத்திரிகையில் போடாமல், சுவரில் எழுதாமல், வாய்வழிச் செய்தியாகவே ஆள் சேருகிற இடத்துக்கு அந்தச் சட்டத்தால் ஒன்றும் ஆகாது. மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் இத்தகைய ஸ்தலங்களுக்கு விளம்பரம் எப்போது தேவைப்பட்டது? பஸ் கண்டக்டர் ஊர் பெயரைச் சொல்லிக் கூவினாலே போதுமே!

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், இந்த விலக்குகளை ஏற்படுத்தியவர்கள் கெட்டவர்கள் அல்லர் என்று காட்டுவதற்காகத்தான். டாக்டர் இல்லாத நாட்டில் வைத்தியனை விலக்க முடியாது. பக்தியுள்ள நாட்டில் பிரார்த்தனைக்கு லைசென்ஸ் கேட்க முடியாது. குடும்பம் என்று ஒன்று இருக்கும் வரையில் வீட்டுக்குள் இன்ஸ்பெக்டர் நுழைய முடியாது. ஒவ்வொரு கதவும் நல்ல காரணத்துக்காகவே திறந்து வைக்கப்பட்டது.

சுதந்திரம் வந்து நாற்பது வருஷம் கழித்து 1987-ல் மனநலச் சட்டம் நிறைவேறியது. 1993 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. மனநல ஆஸ்பத்திரியோ நர்ஸிங் ஹோமோ நடத்துகிறவர் லைசென்ஸ் பெற வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஐந்து பேருக்குக் குறையாத பார்வையாளர்கள், மாதம் ஒரு முறை மூன்று பேராவது சேர்ந்து பார்வை. சர்க்கார் நடத்தும் ஸ்தாபனங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம். 1774-ன் விலக்கு அப்படியே தொடர்ந்தது. லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் என்ன தண்டனை? மூன்று மாதம் வரை சிறை, அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருநூறு ரூபாய்! அந்தக் காலத்திலும் அது ஒரு குடும்பத்தின் சில நாள் மளிகைக் கணக்குத்தான்.

மதுரையிலிருந்து கிழக்கே திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று வைகையின் போக்கிலேயே போனால் ராமநாதபுரம் வருகிறது. 1910-ல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய ஜில்லா. சீமைக் கருவேலும் பனையுமாக விரிந்து கிடக்கும் பூமி. ராமநாதபுரத்திலிருந்து தெற்கே கடற்கரையை நோக்கித் திரும்பினால் ஏர்வாடி. அங்கே சையது இப்ராஹிம் ஷஹீது பாதுஷா அவர்களின் தர்கா இருக்கிறது. சந்தனக்கூடு உற்சவத்துக்கு எல்லா மதத்து ஜனங்களும் போகிறார்கள். மனக்கலக்கம் தீர்க்கும் ஸ்தலம் என்று அதற்குத் தலைமுறை தலைமுறையாகக் கீர்த்தி. தர்காவின் தண்ணீரைக் குடிப்பார்கள், விளக்கெண்ணெயைத் தடவுவார்கள், நோயாளி அங்கேயே தங்கியிருப்பார். ஒரு நாள் கனவில் 'உத்தரவு' வரும். அப்போது குணமாகி வீடு திரும்பலாம் என்பது நம்பிக்கை.

உத்தரவு வரும் வரையில் எங்கே தங்குவது? வசதியுள்ளவர்கள் கூட இருந்து பார்த்துக் கொண்டார்கள். வேலை வெட்டியை விட்டுவிட்டு மாதக்கணக்கில் இருக்க முடியாதவர்கள், தர்காவைச் சுற்றிலும் முளைத்த தனியார் இல்லங்களில் நோயாளியை விட்டுவிட்டு, மாதாமாதம் பணம் அனுப்பினார்கள். ஓடிவிடாமல் இருப்பதற்காக அங்கே சங்கிலி போட்டார்கள். சர்க்கார் புஸ்தகத்தில் ஆஸ்பத்திரி என்றால் கட்டிலும் டாக்டரும் மருந்து வாடையும் இருக்க வேண்டும். ஓலைக் கொட்டகையைப் பார்த்து யாருக்கும் அந்த நினைப்பு வரவில்லை. தர்கா என்று சொல்லிச் சட்டம் ஒதுங்கிக் கொண்டது. தங்கும் இடம் என்று சொல்லி அதிகாரிகள் ஒதுங்கிக் கொண்டார்கள். எழுதப்பட்ட விலக்கு எதுவும் இந்தக் கொட்டகைகளுக்குக் கிடையாது. எழுதப்படாத விலக்கு தாராளமாகக் கிடைத்தது. மாதம் ஒரு முறை கதவைத் தட்ட வேண்டிய பார்வையாளர் அந்த வழியாக வரவேயில்லை.

2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி அதிகாலையில் அப்படிப்பட்ட இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. ஓலைக் கூரை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடிந்தவர்கள் சிலர் ஓடினார்கள். 28 பேர் மாண்டு போனார்கள்.

இதை எழுதும்போது எனக்கு அலங்காரமாக ஒரு வார்த்தையும் சேர்க்கத் தோன்றவில்லை. பெத்லமில் ஜேம்ஸ் நாரிஸைக் கண்டுபிடித்து 187 வருஷங்கள் கழித்து, அதே சங்கிலி, அதே விலக்கு.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. ஒரு வாரத்துக்குள், ஆகஸ்டு 13-ஆம் தேதி, ஏர்வாடியின் அத்தகைய இல்லங்கள் யாவும் மூடப்பட்டன. ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களைச் சர்க்கார் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சிலர் கீழ்ப்பாக்கத்துக்குப் போனார்கள். மற்றவர்களை வீடுகளுக்கு அனுப்பினார்கள். ராமதாஸ் கமிஷன் விசாரணை நடந்தது. சுப்ரீம் கோர்ட் யாரும் மனுப் போடாமல் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த வழக்கின் தலைப்பில் இன்றைக்கும் "25 பேர்" என்றுதான் இருக்கிறது. பின்னால் இறந்த மூன்று பேர் தலைப்பில் ஏறவில்லை. 2007-ல் இல்லத்தை நடத்தியவருக்கும் அவருடைய உறவினர்களுக்கும் கோர்ட் சிறைத் தண்டனை விதித்தது.

2002 பிப்ரவரி 5-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவு நாடு முழுவதற்கும் பொருந்தியது. ஒவ்வொரு ஜில்லாவிலும், பதிவு பெற்றதோ பெறாததோ, மனநோயாளிகளை வைத்திருக்கும் எல்லா ஸ்தாபனங்களையும் கணக்கெடுக்க வேண்டும். தகுதியுள்ளவற்றுக்கு லைசென்ஸ், இல்லாதவற்றிலிருந்து நோயாளிகளைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும். சங்கிலி போடுவது சட்ட விரோதம் என்றும், நோயாளிகளைக் கோயிலுக்கும் தர்காவுக்கும் அனுப்பாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்றும் ஜனங்களுக்குப் பிரசாரம் செய்ய வேண்டும். அந்த வருஷமே தமிழ்நாடு சர்க்கார் மறுவாழ்வு இல்லங்களின் பதிவுக்கென்று தனி விதிகள் செய்தது.

டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது மிகவும் சரி. ஆனால் ஏன் ஜனங்கள் கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறார்கள் என்பதை யோசிக்காமல் விட்டுவிடலாமா? பல வருஷங்களுக்குப் பிறகு அப்படிப்பட்ட ஒரு ஸ்தலத்தின் மண்டபத்தில், உசிலம்பட்டிப் பக்கத்து அம்மாள் ஒருத்தியிடம் பேசிக் கொண்டிருந்தேன். மகனுக்கு முப்பது வயது இருக்கும். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலையா, தாயி?" என்று கேட்டேன்.

"போகாம என்னய்யா? மாத்திரை வாங்கித்தான் குடுக்குறேன். ஆனா அங்கன அஞ்சு நிமிசம்தான் பாக்குறாக. அப்புறம் வீட்டுக்குத்தானே வரணும்? வீட்டுல எல்லாரும் அவனை ஒரு மாதிரி பாக்குறாக. இங்க யாரும் அப்படிப் பாக்கலை. நானும் ராத்திரி கொஞ்சம் கண்ணசருறேன்."

இந்தப் பதிலுக்கு எந்தச் சட்டப் புஸ்தகத்திலும் மறுமொழி இல்லை. சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்த அதே 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் அவருடைய சகாக்களும் தென்னாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைக் கவனித்து எழுதியது. மருந்து கிடையாது. சராசரி ஆறு வாரத் தங்கல். வியாதியின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சில மருந்துகளால் கிடைக்கும் அளவு நன்மை. பயமுறுத்தாத, ஆதரவான சூழ்நிலைதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். உறவினர் ஒருவர் கூடவே தங்கியிருந்தது அதில் ஒரு பகுதி.

ஐரோப்பாவிலும் இதற்கு இணையாக ஓர் ஊர் உண்டு. பெல்ஜியம் தேசத்தில் கீல் என்று பெயர். புனித திம்ஃப்னாவின் கோயிலுக்குச் சித்தம் கலங்கியவர்களைக் கொண்டு வருவார்கள். கோயிலில் இடம் போதாமல் ஊர்ஜனங்கள் தங்கள் வீடுகளில் தங்க வைத்துக்கொண்டார்கள். ஏர்வாடியைப் போலத்தான் ஆரம்பம். ஆனால் 1850-ல் சர்க்கார் அந்த ஏற்பாட்டை மருத்துவ மேற்பார்வைக்குள் கொண்டு வந்தது. வீடுகளை மூடவில்லை, பக்தியைக் கேலி செய்யவில்லை, வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. 1938-ல் 3,700-க்கு மேற்பட்ட நோயாளிகள் கீல் குடும்பங்களோடு வாழ்ந்தார்கள். அந்த வழக்கம் இன்றும் அடியோடு மறையவில்லை. அவர்களுக்கும் நமக்கும் இருந்த வேற்றுமை பக்தியில் இல்லை. யாராவது வந்து பார்த்தார்களா என்பதில்தான்.

நம்மவர்களும் பிற்பாடு இந்தப் பாதைக்கு வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் பிரார்த்தனையும் மருந்தும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்க ஏற்பாடாயிற்று. அதைப் பின்பற்றி ஏர்வாடியிலும் சர்க்கார் மனநல டாக்டர்கள் தர்காவுக்கே வந்து நோயாளிகளைப் பார்க்கும் திட்டம் ஏற்பட்டது. 'தவா' என்றால் மருந்து. 'துவா' என்றால் பிரார்த்தனை. தவா-துவா என்று அதற்குப் பெயர்.

2017-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அது பழைய விலக்குகளில் பலவற்றை அடைத்துவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆயுர்வேதம், யுனானி, சித்தம், ஹோமியோபதி எதுவானாலும், மனநோயாளிகளைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை ஐயாயிரம் முதல் ஐம்பதினாயிரம் ரூபாய் வரை அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால் ஐந்து லட்சம் வரை. எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். சித்த மருத்துவத்தில் 'சிறப்பு மருத்துவம்' படித்து மேற்பட்டம் பெற்றவரையும் மனநல வல்லுநராக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 'சிறப்பு மருத்துவம்' என்ற தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் மத்திய சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஆலோசனை சொல்கிறவர்கள் கதை வேறு. மருத்துவ மனோதத்துவ நிபுணர் 1992-ஆம் வருஷத்துப் புனர்வாழ்வுக் கவுன்சில் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் 'கவுன்ஸலர்' என்று பலகை மாட்டுவதற்கு நெடுங்காலம் எந்தப் பதிவும் வேண்டியிருக்கவில்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் கமிஷன் சட்டம்தான் அவர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர முயன்றிருக்கிறது. கோடாங்கி எந்தப் பதிவேட்டிலும் இல்லை, இருக்கப் போவதுமில்லை.

எல்லாக் கதவுகளும் அடைபட்ட பிறகும் ஒரு கதவு மட்டும் திறந்தே இருக்கிறது. உறவினரோடும் நண்பரோடும் நோயாளி வசிக்கும் குடும்ப வீடு மனநல ஸ்தாபனம் ஆகாது என்கிறது 2017-ஆம் வருஷத்துச் சட்டம். 1774-ல் லண்டனில் கொடுத்த அந்த முதல் விலக்கு! இருக்க வேண்டியதுதான், தாயின் வீட்டுக்கு லைசென்ஸ் கேட்கிற சர்க்கார் நமக்கு வேண்டாம். ஆனால் என் சிறு வயதில், வைகைக்கு வடகரையில் எங்கள் தெருவிலேயே, ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் பூட்டிய அறை ஒன்று இருந்தது. ஜன்னல் வழியாகத் தட்டு உள்ளே போகும், வெளியே வரும். உள்ளே அந்த வீட்டுக்காரரின் தங்கை இருந்தாள். தெருவில் எல்லாருக்கும் தெரியும். பெரியவர்கள் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். நாங்கள் அந்தப் பக்கம் பந்து விழுந்தால் எடுக்கப் போக மாட்டோம். அந்த அம்மாளின் பெயர் என்னவென்று நான் கடைசி வரையில் கேள்விப்பட்டதேயில்லை. ஒரு நாள் பாடை கட்டினார்கள், அவ்வளவுதான்.

அந்த அறைக்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கத்தான் இருந்தது. உறவினரால் கொடுமைக்கோ அலட்சியத்துக்கோ ஆளான நோயாளியைப் பற்றிப் போலீஸ் அதிகாரி மாஜிஸ்டிரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1912-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே விதி உண்டு. 2017-ஆம் வருஷத்துச் சட்டம் அதில் இன்னொருவரையும் தெளிவாகச் சேர்த்திருக்கிறது: இப்படி நடக்கிறது என்று நம்புவதற்குக் காரணம் உள்ள எவரும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும். எவரும் என்றால் பால்காரர், எதிர்வீட்டுக்காரர், மாடியில் குடியிருக்கும் வாத்தியார், நீங்கள், நான். குடும்ப வீட்டுக்குச் சர்க்கார் பார்வையாளரை அனுப்பவில்லை. அந்த வேலையை, சம்பளமில்லாமல், தெருவில் இருக்கிறவர்களிடம் ஒப்படைத்திருக்கிறது.